நூல் பிடித்து நின்றவள்

வாசல் தளத்துக்கு நூல் பிடித்து நின்ற தங்கை கெண்டைக்கால் வரை களிமண்ணுக்குள் இறங்கியது ஒரு புதன்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. அண்ணன் வீட்டை விட்டு அவள் வெளியூர் வேலைக்குப் புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வலி எதுவும் இல்லை என்று அவளே பிறகு சொன்னாள். சத்தமும் கேட்கவில்லை. நூலின் மறுமுனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த கொத்தனார்தான் முதலில் கவனித்தார், அதுவும் அவளை அல்ல, நூலை. கேட் பக்கம் நான்கு அங்குலம் தாழ வேண்டிய நூல் ஒரு அடிக்கு மேல் தாழ்ந்துகொண்டு போனது. "கையை எறக்காதீங்கம்மா, மட்டம் போகுது" என்று இரண்டு தடவை சொன்னார். "கை வச்ச எடத்துலதான் இருக்கு. நான்தான் எறங்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள். சொன்ன பிறகும் நூலை விடவில்லை. எந்த வேலையையும் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

எங்கள் பகுதி மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கோடையில் அது சுருங்கிச் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் ஊதிப் பெருத்து மேலே இருப்பதையெல்லாம் தூக்கும். தெருக்கோடி வீட்டின் சமையலறைக் கதவு ஆனி மாதத்தில் உள்பக்கமாகவும் ஐப்பசியில் வெளிப்பக்கமாகவும் திறக்கும். ஓய்வுபெற்ற தபால்காரரின் சைக்கிள் ஒரு கோடையில் வெடிப்புக்குள் விழுந்து, மழை முடிந்ததும் மூன்று தெரு தள்ளி, இரண்டு டயரிலும் காற்று குறையாமல் வெளியே வந்தது. நடமாடுகிறவர்களை இந்த மண் ஒன்றும் செய்யாது. அசையாமல் ஒரே இடத்தில் நிற்பவர்களைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே பேசுவார்கள். நூல் பிடிக்கிறவர் காலை மாற்றினால் மட்டம் கிடைக்காது. சித்தாள் வேலைக்கு வராத அன்று, "ரெண்டு நிமிஷம் ஆடாம நில்லுங்கம்மா" என்று கொத்தனார் கேட்டதும் அவள் போய் நின்றுவிட்டாள்.

அந்த வீட்டுத் தளம் பதினேழு வருடம் முன்பு அவர்களுடைய அப்பா போட்டது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை இருபத்தெட்டு அடி நீளம், பத்து அடி அகலம். உயிரோடு இருந்தவரை வருடம் ஒரு விரிசலை அவர் சிமென்ட் வைத்துப் பூசிவந்தார். அவர் போன பிறகு அது பதினோரு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணன் கார் வாங்க முடிவு செய்தபோது, எந்தக் கார் வந்தாலும் அடிவயிறு தட்டும் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் உடைத்து அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுவது என்று தீர்மானம் ஆயிற்று. அண்ணனுக்கு லாரி எடைமேடையில் வேலை. இருபது வருடமாக மேடையில் ஏறி நிற்கும் வண்டியின் எடையைப் பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுப்பவர். உள்ளே இருப்பது செங்கல்லா மாடா என்று எட்டிப் பார்ப்பது தன் வேலை அல்ல என்பார்.

தங்கைக்கு முப்பத்தாறு வயது. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். துவைப்பது, தேய்ப்பது, சமைப்பது, அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் தலைவாரி விடுவது, கேஸ் சிலிண்டர் வந்தால் எடுத்து வைப்பது எல்லாம் பாப்பா. துணியில் இருக்கும் கறையை முகர்ந்து பார்த்தே அது எதன் கறை, எத்தனை நாள் ஆனது என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமையை எழுதி, வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவுக்கு யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறையும் பேசி, அதன் சாவி தபாலில் வந்துவிட்டது. அந்தச் சாவியை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் அறை ஒன்று தனக்கென்று இருப்பதை நினைத்து இரண்டு இரவு தூக்கமே வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். செய்தி தெரிந்த அன்று அண்ணி வீட்டு வேலைகளை விரல்விட்டு எண்ணினாள். இரண்டு கை போதாமல் மறுபடியும் முதல் விரலுக்கு வந்தாள்.

அவளை வெளியே எடுக்க முயற்சி நடந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அக்குளில் கைகொடுத்து நாலு பேர் இழுத்தார்கள். கொத்தனார் உளியும் சுத்தியலும் கொண்டு சுற்றிலும் கொத்திப் பார்த்தார். அந்த வெயிலில் களிமண் கல்லாக இறுகி உளியைத் திருப்பி அனுப்பியது. அண்ணி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். வெடிப்பு அதைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தது. கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு விவரம் சொன்னார். இந்த மண்ணை இருபது நாளாவது விடாமல் நனைக்க வேண்டும், அல்லது ஒரு நல்ல மழை வர வேண்டும், அப்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி காலைத் தானே விட்டுவிடும். எப்படியும் காய்ந்த களிமண் மேல் கான்கிரீட் போடக் கூடாது, நனைத்து, ஊதவிட்டு, அடங்கிய பிறகுதான் போட வேண்டும் என்று தான் முதலிலேயே சொன்னதையும் நினைவுபடுத்தினார். முதலிலேயே சொன்னார் என்பது உண்மைதான். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரிக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்லியாகிவிட்டது. கார் அடுத்த வாரம் வருகிறது. நனைத்தால் இரண்டு மாதம் தள்ளும். அண்ணன் டேப்பை எடுத்து, தங்கை நிற்கும் இடத்திலிருந்து வலது சுவர் வரை அளந்தார். ஏழரை அடி இருந்தது. கார் ஐந்தே முக்கால் அடிதான்.

"கரண்ட் கம்பம் எதுனா நடுவுல இருந்தா எப்படிப் போடுவீங்க?" என்று கொத்தனாரைக் கேட்டார்.

"சுத்தி அரை அங்குலம் தெர்மாகோல் வச்சு விட்ருவோம். இல்லேன்னா தளம் வெடிச்சிரும்."

"அப்ப அதே மாதிரி விட்ருங்க."

கொத்தனார் கொஞ்சம் தயங்கினார் என்று எழுதினால் அவருக்குப் பெருமையாக இருக்கும். அவர் தயங்கவில்லை. தெர்மாகோல் இரண்டு துண்டு போதுமா மூன்று வேண்டுமா என்றுதான் யோசித்தார்.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "அண்ணா, எனக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு" என்றாள்.

"மழை வந்ததும் வெட்டி எடுத்துரலாம் பாப்பா. அதுவரைக்கும் நீ எங்க போயிரப் போற" என்றார் அண்ணன். ஆறுதலாகத்தான் சொன்னார். அவருடைய ஆறுதல்கள் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. கிராவல் மண் நாலு அங்குலம், கான்கிரீட் ஆறு அங்குலம். முழங்காலுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டப்பலகை போகாத மூலையைக் காட்டி, "அங்க ஜல்லி தெரியுது பாருங்க" என்று கொத்தனாருக்குச் சொன்னவளும் அவள்தான். சாக்கு போட்டு ஏழு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. ஹோஸ் அவள் கைக்கு எட்டியதால் அந்த வேலையும் அவளிடமே வந்தது. வெயில் ஏறும் முன் ஒரு தடவை, உச்சியில் இரண்டு தடவை, பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை. தன்னைப் பிடித்து வைத்திருக்கும் கான்கிரீட்டைத் தானே தண்ணீர் காட்டி இறுக வைத்தாள். அவ்வளவு நன்றாகப் பதமாக்கிய தளத்தைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்று கொத்தனார் இன்றும் சொல்கிறார்.

வேலையில் சேர வேண்டிய நாள் வந்து போனது. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள், ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில், கால் மாட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தாள். பசி எடுத்தது, தூக்கம் வந்தது, மற்ற உபாதைகளை மண் எடுத்துக்கொண்டது. யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. இரவில் சாய்ந்துகொள்ள அண்ணன் ஒரு பழைய கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். நான்கு கம்பியில் திரை கட்டிச் சக்கரம் வைத்த குளியல் மறைப்பு ஒன்றையும் செய்தார். நல்ல மனுஷன் என்று தெருவில் இரண்டு மூன்று பேர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள் மழை பிடித்தது. இரண்டு மணி நேரம் கொட்டியது. தெர்மாகோல் ஓரமாகத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. மூன்று மணி வாக்கில் மண் விட்டுக்கொடுத்தது. முதலில் குதிகாலில், அப்புறம் ஒவ்வொரு விரலாக. கீழே கால் தாராளமாக ஆடியது. மேலே அந்த அரை அங்குல இடைவெளி மட்டும் போதவில்லை, முழங்கால் மூட்டு இடித்தது. சுற்றி ஒரு சாண் வெட்டினால் அவள் வெளியே வந்துவிடலாம். ஆஸ்பத்திரி கொடுத்த தவணையில் இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. அன்று இரவு பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். "அண்ணா, மண்ணு விட்டிருச்சு. கால் ஆடுது. வாங்க" என்று அவள் கூப்பிட்ட குரல் நான்கு வீடு தள்ளி இருந்த எனக்குக் கேட்டது.

அண்ணன் வந்தார். அண்ணி குடை பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தது தங்கையின் காலை அல்ல, காலைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரை. கார் வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் அடியில் போனால் களிமண் ஊதும், ஊதினால் தளம் தூக்கும், தூக்கினால் வெடிக்கும். உள்ளே போனவர் ஒரு சட்டியில் சிமென்ட் கலவையோடு திரும்பி வந்தார். தெர்மாகோலைப் பிய்த்து எறிந்துவிட்டு, தங்கையின் முழங்காலைச் சுற்றித் தன் கையாலேயே கலவையைத் திணித்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பூசினார். அவள் அவர் தலைமயிரைப் பிடித்தாள் என்றும் அறைந்தாள் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும் அவர் பூசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். "தண்ணி எறங்காம இருக்கத்தான் பாப்பா. மழை விட்டதும் வெட்டிரலாம்" என்றார். அண்ணி குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தாள். கலவை நனையக் கூடாது என்பதற்காக.

மழை ஒன்பது நாள் கழித்து விட்டது. அப்புறம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அப்புறம் அண்ணிக்கு இடுப்பு வலி. அப்புறம் வெயில் வந்துவிட்டது, வெயிலில் வெட்டினால் பக்கத்திலும் விரியும் என்று ஒரு பேச்சு. கேட்பவர்களிடம் அண்ணன், மண்ணு இன்னும் விடவில்லை என்று சொல்லத் தொடங்கினார். அண்ணியும் அதையே சொன்னாள். பிள்ளைகள் பள்ளிக்கூடக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வேறு ஆளைப் போட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் அவளே நின்றதால் புதுத் தபால்காரருக்கு மணி அடிக்க வேண்டிய வேலைகூட இல்லை. அவர் நீட்டினார், அவள் வாங்கிப் படித்தாள், கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி ஒரு உறையில் போட்டு முகவரி எழுதி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அழுதாளா என்று தபால்காரரை நான் கேட்டேன். வெயிலில் கண் கூசியது, சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

மண்ணுக்கு அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வேலையும் இல்லை. அவள் காலுக்கடியில் வெறும் பள்ளம்தான் இருந்தது, விரல்களை மடக்கி நீட்ட முடிந்தது. பிடித்துக்கொண்டிருந்தது அண்ணன் பூசிய அந்த வளையம் மட்டும். இது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எங்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். முதல் வருடம் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அவள் சொன்னாள். இரண்டாம் வருடம் கேட்டவர்களிடம் மட்டும் சொன்னாள். மூன்றாம் வருடம், ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த தூரத்து மாமா, "என்னம்மா இன்னும் நிக்கிற?" என்று கேட்டபோது, "மண்ணு விடல மாமா" என்று அவளே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தாள். அன்றைக்கு அண்ணி அவளுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டாள்.

அதிசயம் என்று எங்கள் தெரு பேசிக்கொண்டது இதையெல்லாம் அல்ல, தளத்தை. எங்கள் பகுதியில் விரிசல் விடாமல் இரண்டு கோடை தாண்டிய கான்கிரீட் கிடையாது. அந்த வீட்டுத் தளத்தில் ஒரு மயிரிழைக் கோடுகூட விழவில்லை. சுற்றுச்சுவர் பிளந்தது, போர்டிகோத் தூண் சாய்ந்தது, வீட்டுக்குள் ஹால் தரை நடுவில் வயிறு தள்ளியது. தளம் மட்டும் போட்ட அன்று இருந்த மாதிரியே இருந்தது. கொத்தனார் புது வாடிக்கைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவார். "ஆறு வருஷம் ஆச்சு, தண்ணி ஊத்திப் பாருங்க, ஒரு எடத்துல நிக்காது" என்பார். அவர்கள் ஊற்றிப் பார்ப்பார்கள். தங்கை சற்றே புடவையை ஒதுக்கிக்கொண்டு, "அந்த ஓரத்துல ஊத்துங்க, இங்க துணி இருக்கு" என்பாள். எதிர்வீட்டுக்காரர் தன் தளம் நாலாவது தடவை வெடித்தபோது, மாமியாரை அரை மணி நேரம் நூல் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். மண் ஏற்கவில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு இடத்தில் நிற்கிற சுபாவம் கிடையாது.

வேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்து சேர்ந்தன. காய் நறுக்கும் பலகை வந்தது, இஸ்திரிப் பெட்டிக்கு நீள வயர் வந்தது, வாளி இரண்டு வந்தது. அண்ணன் மகள் அவளுக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்து தலைவாரிக்கொண்டாள், வளர்ந்த பிறகு அவளாகவே வாரிக்கொண்டாள். காரை எடுக்கும்போதும் விடும்போதும் தங்கைதான் கை காட்டினாள். அதன் வலது கண்ணாடி எதிலும் உரசியதே இல்லை.

பதினோராம் வருடம் மகனின் படிப்பைச் சாக்காக வைத்து அண்ணன் வீட்டை விற்றார். அப்பா பெயரில் இருந்த வீடு, பாதி தங்கைக்கு உரிமை, அவள் கையெழுத்து வேண்டும். பத்திரத்தைக் கார் பானட் மேல் விரித்துப் பேனாவை நீட்டினார். "இதுல உனக்குத்தான் நல்லது பாப்பா. வாங்குறவரு தளத்த மாத்திக் கல்லு பதிக்கப் போறாராம். அவரு ஒடைக்கும்போது நீ வெளிய வந்துரலாம். வந்ததும் போன் பண்ணு, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றார். அவள் பத்திரம் முழுவதையும் படித்தாள். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, இரும்புக் கேட் ஒன்று, வாசல் தளத்தில் பெண் ஒருத்தி என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் கையெழுத்துப் போட்டாள்.

சாமான் லாரி போன பிறகு அண்ணி அவளிடம் வந்து, "குடைய உனக்கே விட்டுட்டுப் போறேன்" என்றாள். காரை எப்போதும் போலத் தங்கைதான் கை காட்டி வெளியே அனுப்பினாள். அண்ணன் கொடுத்துவிட்டுப் போன எண்ணுக்குப் போன் போகவில்லை என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

வாங்கியவர் ஒரு பல் டாக்டர். மென்மையானவர், எல்லோரையும் வாங்க போங்க என்பவர். வந்த மூன்றாம் வாரமே கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் இயந்திரத்தோடு ஒரு ஆளை வரவழைத்தார். "முதல்ல அவங்கள எடுத்துருங்க. தளம் அப்புறம்" என்று சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்து, பயப்படாதீங்க, மெதுவாத்தான் செய்வார் என்றார். டாக்டரின் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டே பார்த்தாள். பதினோரு வருடத்தில் இப்படிக் கேட்காமலே செய்ய வந்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றோம். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

பிரேக்கர்காரர் மண்டியிட்டு, முழங்காலைச் சுற்றியிருந்த பூச்சை விரலால் தட்டிப் பார்த்தார். காது வைத்துக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் தங்கை.

"ஒரு மணி நேரம்மா. சாப்பாட்டுக்கு முன்னாடி வெளிய வந்துருவீங்க."

"பூசினப்பவே வெட்டியிருந்தாலும் ஒரு மணி நேரம்தானா?"

அந்த ஆளுக்கு அவள் கதை தெரியாது. கேட்ட கேள்விக்குத் தொழில்காரனாகப் பதில் சொன்னார். "அப்ப இன்னும் சீக்கிரம்மா. பூச்சு பச்சையா இருந்திருக்கும்ல, உளிய வச்சுத் தட்டினா கா மணி நேரத்துல விழுந்திருக்கும். அடியில வேற வெத்துப் பள்ளமாத்தான் சத்தம் கேக்குது. மண்ணு ஒங்களப் பிடிக்கவே இல்ல."

அவள் கைகள் இரண்டையும் கட்டில் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டாள். தெருவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். கால் மணி நேரம் என்று அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். பிரேக்கர்காரர் வயரைப் பிளக்கில் செருகப் போனார்.

"வேணாங்க" என்றாள். "மண்ணுதான் பிடிச்சிருக்கு. எனக்குத் தெரியாதா. பதினோரு வருஷமா மண்ணுதான் பிடிச்சிருக்கு. நீங்க கான்கிரீட்ட ஒடச்சு என்ன ஆகப்போகுது."

"இல்லம்மா, கீழ பள்ளம்..."

"மண்ணுதான்" என்றாள் மறுபடியும், அவர் கண்ணைப் பார்த்து. அந்த ஆள் தன் வேலையில் நிறையப் பேரைப் பார்த்தவராக இருக்க வேண்டும். தலையை மெதுவாக ஆட்டினார். "ஆமாம்மா. மண்ணு மாதிரிதான் தெரியுது" என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றத் தொடங்கினார். டாக்டர் ஒன்றும் புரியாமல் நின்றார். தங்கை அவர் மனைவியைப் பார்த்து, சட்டைக் காலரில் மை அப்படியே இருக்கிறது, காய்ந்துவிட்டால் போகாது, இப்படிக் கொண்டாங்க என்று கையை நீட்டினாள்.

டாக்டர் கல் பதிக்கும் யோசனையை விட்டுவிட்டார். வீட்டின் முன்னறையில் கிளினிக் வைத்திருக்கிறார், நோயாளிகள் நிறைய வருகிறார்கள். அந்த வருடம் மழை வழக்கமான அளவுக்குப் பெய்தது. தளம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு, வண்டியை வலது பக்கமாக நிறுத்தச் சொல்லி அவள் கை காட்டுகிறாள். அவர்களும் நிறுத்திவிட்டு உள்ளே போகிறார்கள்.